சிலிப்பர் போட்ட அ

அக்காவை நினைத்தால் எனக்கு முதலில் அவருடைய வலது முழங்கால்தான் ஞாபகத்துக்கு வருகிறது. உட்கார்ந்த மறுநிமிடம் அது ஆடத் தொடங்கிவிடும். புஞ்சாக் ஆலாமில் நான் வேலை பார்க்கும் பேனர் கடையில், வருகிறவர்கள் உட்கார ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருக்கிறோம். அக்கா அதில் உட்கார்ந்தால் பக்கத்து மேசை ஆடும், மேசைமேல் கிடக்கும் கத்தரிக்கோல் ஆடும், என் கணினித் திரையும் ஆடும்.

“அக்கா, காலு.”

“எங்க? ஆமா லா!” என்று முழங்காலைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொள்வார். உடனே இடது கால் தொடங்கும்.

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. பெயர் சொல்லிக் கூப்பிடுவது அவருக்கே பிடிக்காது. “பேரு சொல்லிக் கூப்பிட்டா நேத்து இருந்த ஆளாவே இன்னிக்கும் இருக்கணும்போல இருக்கு தம்பி” என்று ஒருமுறை சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அவர் சிரித்துக்கொண்டு சொன்ன பலவற்றை நான் பிற்பாடு உட்கார்ந்து யோசிக்க வேண்டியிருந்தது.

அசாம் ஜாவா பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தை ஒட்டி ஒரு தமிழ்ப்பள்ளி. அதன் வளாகத்தில் பெற்றோர் சங்கம் நடத்தும் பாலர் பள்ளி. அக்கா அங்கே டீச்சர். நானும் அந்தத் தோட்டத்து லயத்தில், தொழிலாளிகளின் வரிசை வீடுகளில், பிறந்தவன்தான், ஆனால் நான் படித்த காலத்தில் அக்கா அங்கே இல்லை. கிள்ளானில் ஒரு கல்லூரியில் வரைகலை படித்துக்கொண்டே, விடுமுறைகளில் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அவரைச் சந்தித்தேன். பள்ளி விளையாட்டுப் போட்டிக்கான பேனரை வாங்கிப்போக வந்திருந்தார்.

பேனரை விரித்துக் காட்டினேன். எனக்கு அதில் ஒரு பெருமை இருந்தது. எழுத்துகளை அளந்து, இடைவெளி பார்த்து, ஒரே கோட்டில் நிறுத்தியிருந்தேன்.

“நீதான் செஞ்சியா தம்பி?”

“ஆமாக்கா.”

“ஏன்யா, எல்லாம் பெரட்டுக்கு வந்து நிக்கிற மாதிரி நிக்குது?”

பெரட்டு என்றால் தோட்டத்தில் விடியுமுன்னே ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவது. என் அப்பா அந்த வரிசையில் நின்றே வயதானவர். எனக்குச் சுருக்கென்றது.

“எழுத்துன்னா நேராத்தான்க்கா நிக்கணும்.”

“ஓடுற போட்டிக்குப் பேனரு. எழுத்தாவது கொஞ்சம் ஓட வேணாமா?”

சொல்லிக்கொண்டே என் மேசையில் இருந்த தடித்த மார்க்கரை எடுத்து, ‘விளையாட்டு’ என்பதன் ‘வி’க்கு அடியில் ஓடுகிற இரண்டு கால்களை வரைந்துவிட்டார்.

“அலாமாக்! அக்கா, அது பிரிண்ட் போட்டு முடிச்சாச்சு!”

“நானும் போட்டாச்சு” என்றார்.

அந்தப் பேனர் அப்படியேதான் பள்ளி வேலியில் தொங்கியது. அதை விட்டுப் போக மனமில்லாமல் பிள்ளைகள் வேலியோரமே நின்றார்கள் என்று அம்மா வந்து சொன்னார். எனக்குப் பொறாமையாக இருந்தது. மறுவாரம் பாலர் பள்ளிக்குப் போய் எட்டிப் பார்த்தேன். அங்கேதான் அந்தச் சுவர் இருந்தது.

வகுப்பின் நீளச் சுவர் முழுக்க, பிள்ளைகளின் கண்ணுக்கு நேராக, உயிரெழுத்தும் உயிர்மெய்யெழுத்தும் நடமாடிக்கொண்டிருந்தன. நடமாடின என்பதுதான் சரி. ‘அ’ குடை பிடித்திருந்தது. ‘ஈ’ மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தது. ‘ம’ ஒரு ரப்பர் பூட்ஸைப் போட்டுக்கொண்டு மற்றொன்றைத் தேடியது. மழை வாரம் என்பதால் குடையாம். போன வாரம் எல்லாவற்றுக்கும் வால் இருந்ததாம், மலாவத்தி குன்றுக் குரங்குகளைப் பிள்ளைகள் பார்த்துவிட்டு வந்ததால். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பிள்ளைகள் போனதும் அக்கா பழைய உடுப்பையெல்லாம் அழித்துவிட்டுப் புது உடுப்பு போடுவார். திங்கட்கிழமை காலையில் பிள்ளைகள் ஓடிவந்து சுவரைத்தான் முதலில் பார்ப்பார்கள். “டீச்சர், ‘க’ தொப்பி போட்டிருக்கு!” “டீச்சர், ‘ட’வுக்குக் காய்ச்சலா?”

இருப்பு கொள்ளாத மனுஷி. கையுறை தொழிற்சாலை, முடி அலங்காரக் கடை, கோழிப் பண்ணை, பத்தாங் பெர்ஜுந்தையில் ஒரு சாப்பாட்டுக் கடை என்று அவர் பார்க்காத வேலையில்லை. எதிலும் ஒரு வருஷம் முழுசாக இருந்ததில்லை. வீட்டில் அலமாரியும் கட்டிலும் மாதாமாதம் இடம் மாறும். அவர் கணவர் கோலா சிலாங்கூர் படகுத்துறையிலிருந்து மீன் லோரி ஓட்டுகிறவர். அவர் என்னிடமே சொல்லியிருக்கிறார்: “இருட்டுல வந்து கட்டில்னு உக்காந்தேன் தம்பி. தரை. ஒரு நிமிஷம் வேற வூட்டுக்குள்ள பூந்துட்டேனோன்னு ஆயிடுச்சு.” பள்ளியிலிருந்து வீட்டுக்குப் போக ஒரே சாலைதான். அக்கா அதற்கும் நாலு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார், ஒன்று ஓடைக்குள் இறங்கிப் போவது. “அது உக்காந்து சாப்புட்டு நான் பாத்ததே இல்ல” என்பார் என் அம்மா.

அப்படிப்பட்டவர் பாலர் பள்ளியில் மட்டும் வருஷக்கணக்கில் இருந்துவிட்டார். எனக்குக் காரணம் விளங்க நாளானது. அந்தச் சுவர் வாராவாரம் மாறியதால், அவர் மாற வேண்டியிருக்கவில்லை.

கல்லூரியின் கடைசிப் பருவத்தில் ஒரு பெரிய வேலை செய்து காட்ட வேண்டும். நான் ஒரு தமிழ் எழுத்துரு செய்வதென்று முடிவு செய்தேன், அக்காவின் எழுத்துகளை வைத்து. எங்கள் குடும்பத்தில் படிக்கப் போன முதல் ஆள் நான். எதையாவது உருப்படியாகச் செய்துவிட வேண்டும் என்ற பதற்றம் எப்போதும் கூடவே இருந்தது. அக்காவிடம் சொன்னதும் துள்ளிக் குதித்தார். மாஜோங் தாளைச் சுருட்டிச் சுருட்டி எடுத்துவந்தார். பள்ளிகளில் எல்லாவற்றுக்கும் பயன்படுத்தும் பெரிய வெள்ளைத் தாள் அது. ஒரு தாள் முழுக்க ‘அ’ மட்டும். ஒன்றைப்போல் இன்னொன்று இல்லை.

“அக்கா, எனக்கு ஒரு ‘அ’ போதும்.”

“ஒண்ணா? எது?”

“நீங்கதான் சொல்லணும்.”

அவர் தாளைச் சுற்றிச் சுற்றி நடந்தார். கடைசியில் ஜப்பான் சிலிப்பர் போட்டிருந்த ஒரு ‘அ’வைக் காட்டினார். பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் தொங்குமே, அந்த ரப்பர் சிலிப்பர்.

“சரி, இன்னிக்கு சிலிப்பரு. நாளைக்கு?”

“நாளைக்கும் சிலிப்பர்தான்க்கா.”

“நாளான்னிக்கு?”

“சிலிப்பர்.”

“பாவம் லா அது” என்றார். பிறகு சிரித்தார். எல்லா எழுத்துக்கும் சிலிப்பர் போட்டுக் கொடுத்தார். எழுத்துருவுக்கும் ‘சிலிப்பர்’ என்றே பெயர் வைத்தேன்.

கல்லூரியில் அதற்கு நல்ல பேர் கிடைத்தது. கடை முதலாளி அதைத் தன் கணினியில் போட்டுக்கொண்டார், அவர் கூட்டாளிகளுக்கும் கொடுத்தார். பிறகு அது என் கையில் இல்லை. ஈஜோக்கில் முடிவெட்டும் கடை, ஜெராமில் கார் கழுவும் இடம், பிறந்தநாள் பேனர், ஆடி மாதக் கூழ் ஊற்றும் அறிவிப்பு என்று எங்கே திரும்பினாலும் சிலிப்பர். ஒரு பல் மருத்துவர் வாசலில் ‘பல்’ என்ற சொல் சிலிப்பரைப் போட்டுக்கொண்டு உள்ளே வரச் சொல்லிச் சிரித்தது. எழுதப் படிக்கத் தெரியாத என் அம்மா, பேருந்தில் போகும்போது சன்னலைத் தட்டி, “அய்யா, அந்தா பாரு, உன் சிலிப்பரு!” என்றார். பேருந்தே திரும்பிப் பார்த்தது. என்ன எழுதியிருக்கிறது என்று அம்மாவுக்குத் தெரியாது. யாருடையது என்று தெரியும்.

அக்காவை என் மோட்டாரில் ஏற்றிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவற்றையெல்லாம் காட்டப் போனேன். முதல் பலகையைப் பார்த்ததும் என் முதுகில் குத்தினார். இரண்டாவதற்கு இறங்கிப்போய்த் தொட்டுப் பார்த்தார். மூன்றாவது பலகைக்கு முன்னால் வெகுநேரம் நின்றார்.

“ஏன் தம்பி, முதல்ல அங்க ஒரு ‘க’ பாத்தமே. அதுவும் இதே சிலிப்பரத்தானே போட்டிருந்துச்சு?”

“எழுத்துருன்னா அப்படித்தான்க்கா.”

“ம்” என்றார். நாலாவதைப் பார்க்க வேண்டாம், டீ குடிக்கலாம் என்றார்.

ஆனால் அச்சில் வந்ததன் பெருமை அவரையும் விடவில்லை. பிள்ளைகள் எழுதிப் பழகுவதற்குப் புள்ளிவைத்த தாள்கள் செய்து தரச் சொன்னார். சிலிப்பரிலேயே செய்தோம். கட்டுக்கட்டாக அச்சடித்தோம். தாளில் ஒன்று, சுவரில் ஒன்று என்றால் பிள்ளைகள் குழம்பிவிடும் என்று, சுவரிலும் எல்லா எழுத்துக்கும் சிலிப்பர் போட்டார். ஒரு வெள்ளி போனது. மறு வெள்ளியும் போனது. அந்த வருஷம் முழுக்கச் சுவர் மாறவே இல்லை. அவர் கால் ஆட்டம் அந்த வருஷம் அதிகமாக இருந்தது. வயசாகிறது என்று சொல்லிக்கொண்டார்.

அந்தப் பிள்ளைகள் அடுத்த ஆண்டு அதே பள்ளியில் ஒன்றாம் ஆண்டுக்குப் போனார்கள். முதல் வாரமே ஒன்றாம் ஆண்டு டீச்சர் ஒரு கட்டுப் பயிற்சிப் புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு பாலர் பள்ளிக்கு வந்துவிட்டார். எல்லாப் புத்தகத்திலும், எல்லா ‘அ’வும், சிலிப்பர் போட்டிருந்தது. ‘அம்மா’ சிலிப்பர் போட்டிருந்தது. ‘ஆடு’ம் போட்டிருந்தது. அழித்துவிட்டு எழுது என்றால் பிள்ளைகள் அழித்தார்கள், எழுதினார்கள், மறுபடி சிலிப்பரையும் சேர்த்தே எழுதினார்கள்.

பெற்றோர் சங்கம் கூட்டம் போட்டது. அக்காவுக்கு ஆதரவாகப் பேச நான் கிளம்பினேன். அலங்கார எழுத்துக்கும் பாட எழுத்துக்கும் என்ன வித்தியாசம் என்று படங்களோடு ஒரு விளக்கம் தயாரித்து, மடிக்கணினியில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். சங்கத் தலைவர் செம்பனைக் குலை ஏற்றும் லோரிகள் வைத்திருப்பவர். நல்ல மனிதர். கடைசிவரை பொறுமையாகப் பார்த்தார்.

“தம்பி, படமெல்லாம் ரொம்ப நல்லா இருக்கு. நம்ம தோட்டத்துப் புள்ள இவ்வளவு படிச்சிருக்கு, சந்தோஷம். ஆனா புள்ளைங்களுக்கு எழுத்து வேணும்ப்பா. சிலிப்பரு அப்புறம் வாங்கிக்கலாம்.”

எல்லாரும் சிரித்தார்கள். ஒரு தாய் மட்டும் சிரிக்கவில்லை. “சிரிக்காதீங்கண்ணே. எம் மவன் ராவெல்லாம் அழுவுறான். சிலிப்பர எடுத்துட்டா ‘அ’வுக்குக் கல்லு குத்துமாம்.”

அக்கா சுவரோரம் நின்றிருந்தார். நாற்காலி கொடுத்தும் உட்காரவில்லை. அந்தத் தாய் சொன்னதைக் கேட்டதும் முகம் மாறிவிட்டது.

“தப்பு என்னுதுதான் தலைவரே” என்றார். “வாராவாரம் மாத்துனப்ப ஒரு புள்ளையும் இப்படி எழுதுனதில்ல. ஒரு வாரம் குடை, ஒரு வாரம் வாலு. உடுப்புன்னா போடுறது, கழட்டுறதுன்னு அதுங்களுக்கே தெரிஞ்சிருந்துச்சு. நான் ஒரு வருஷம் கழட்டாம வுட்டுட்டேன். ஒட்டிக்கிச்சு.”

எனக்கு அப்போதுதான் விளங்கியது. என் படங்களில் எதிலும் அது இல்லை.

“அந்தத் தாளெல்லாம் வீசிடுறேன். செவுர மறுபடியும் வாராவாரம் மாத்துறேன். ரெண்டு மாசம் குடுங்க. இந்தப் புள்ளைங்களையும் சாயங்காலம் வரச் சொல்லுங்க, நானே சரி பண்ணிடுறேன்.”

தலைவர் ஒன்றாம் ஆண்டு டீச்சரைப் பார்த்தார். டீச்சர் தலையை அசைத்தார், வேண்டாம் என்று. அவரையும் குறை சொல்ல முடியாது. அவருக்கு முன்னால் ஒரு வகுப்பே சிலிப்பர் எழுதிக்கொண்டிருந்தது.

“ஒரு தடவை பட்டது போதும் டீச்சர்” என்றார் தலைவர். “செவுரு வெள்ளையா இருக்கட்டும். கடையில விக்கிற சார்ட்டு வாங்கி மாட்டிக்கலாம். உங்கள யாரும் போவச் சொல்லல. நீங்க பாட்டுக்கு அப்படியே இருங்க.”

“அப்படியேவா?” என்றார் அக்கா.

“அப்படியே.”

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தலைவரும் கூடவே சிரித்தார், பிரச்சினை முடிந்ததென்று.

சுவருக்கு வெள்ளையடிக்க நானும் போனேன். உருளையை எனக்குத் தரவில்லை. வெள்ளைப் பெயிண்டில் தோய்த்து, சுவரின் நடுவில் ஆளுயர ‘அ’ ஒன்றை எழுதினார். பழைய எழுத்துகள் அதற்குக் கீழே மறைந்தன. பக்கத்தில் ஓர் ‘ஆ’. அதன்மேல் ஏறிக்கொண்டு ‘இ’. சுவரை அவர் அடிக்கவில்லை, எழுதி எழுதியே நிரப்பினார். எழுத்தின்மேல் எழுத்து விழுந்து, ஒன்றும் தெரியாத வெள்ளையாகும்வரை எழுதினார். கீழ் மூலையில் ஒரு ‘ம’ மட்டும் சிலிப்பரோடு மிஞ்சியிருந்தது. அதை எனக்குக் காட்டி, “நீ அடிச்சிடு தம்பி” என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

அதற்குப் பிறகு ஒருநாள் அந்தப் பக்கம் வேலையாகப் போனபோது சன்னல் வழியாகப் பார்த்தேன். அக்கா நாற்காலியில் உட்கார்ந்து, கோலால் சார்ட்டைத் தொட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் ஒழுங்காகச் சொன்னார்கள். எல்லாம் சரியாக இருந்தது. வெகுநேரம் பார்த்த பிறகே என்ன உறுத்துகிறது என்று புரிந்தது. அவர் முழங்கால் ஆடவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது. கூப்பிடாமல் திரும்பி வந்துவிட்டேன்.

பள்ளி விடுமுறையில் அவர்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு போனார்கள். யாரும் போகச் சொல்லவில்லை என்பதைத் தலைவர் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். கணவருக்கு வேறு லோரி கிடைத்ததாம், ரவாங் பக்கமோ அதற்கு மேலேயோ. அக்காவின் கைப்பேசி எண் அடிக்கடி மாறுவதுதான். இந்தத் தடவை புது எண் எனக்கு வரவில்லை.

அதிலிருந்து எனக்கு ஒரு நோய். போகிற வழியிலெல்லாம் பலகைகளைப் படிக்கிறேன். என்ன எழுதியிருக்கிறது என்பதை அல்ல, காலில் என்ன போட்டிருக்கிறது என்பதை. சிலிப்பர் இருந்தால் அது நான் செய்தது, அக்கா கையால் எழுதியதல்ல, அடுத்ததைப் பார்க்கலாம். மோட்டாரில் இப்படிப் போய் ஒரு தடவை வாய்க்காலில் இறங்கியும் இருக்கிறேன். இடையில், பாலர் பள்ளிக்குப் போனபோதெல்லாம் கைப்பேசியில் எடுத்து வைத்திருந்த பழைய சுவர்ப் படங்களை வைத்து எழுத்துருவைத் திருத்தினேன். இப்போது ‘அ’ தட்டினால் முதலில் சிலிப்பர் வரும், அடுத்த ‘அ’ குடையோடு வரும், அதற்கடுத்தது வாலோடு. முதலாளி தலையில் கைவைத்துக்கொண்டார். “ஏண்டா, கஸ்டமர் ஏன் இது வேற மாதிரி இருக்குன்னு கேட்டா நான் என்ன சொல்றது?” “உடுப்பு மாத்திக்கிச்சுன்னு சொல்லுங்க பாஸ்.” அதை அக்காவிடம் காட்டிவிட வேண்டும். வேறொன்றும் வேண்டாம்.

போன வாரம் கோலா குபு பாருவுக்கு ஒரு பேனர் கட்டப் போனேன். கட்டிவிட்டுத் திரும்பும்போது, ரயில் நிலையத்துக்குப் போகும் சாலையோரம் ஒரு சிறிய அப்பக் கடை. பலகையைப் பார்த்துவிட்டுக் கடந்து போய், வேனை நிறுத்தி, திரும்பி நடந்து வந்தேன்.

‘அப்பம்’ என்று எழுதியிருந்தது. ‘அ’ வெறுங்காலோடு இருந்தது. குடையில்லை, வாலில்லை, எந்த ஒன்றாம் ஆண்டு டீச்சரும் ஒத்துக்கொள்கிற சுத்தமான ‘அ’. பலகையின் கீழ் ஓரத்தில், தனியாக, ஒரு ஜோடி ஜப்பான் சிலிப்பர். ஒன்று நேராக, ஒன்று கவிழ்ந்து. அவசரமாக வீட்டுக்குள் ஓடுகிறவர் வாசலில் உதறிவிட்டுப் போனதுபோல.

அப்பக்காரம்மா சட்டியைச் சுழற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவர் மகள், நாலைந்து வயதிருக்கும், முக்காலியில் தாளை வைத்து எழுதிக்கொண்டிருந்தாள். ‘அ’ எழுதினாள். பிறகு தாளின் ஓரத்துக்குப் போய் இரண்டு சிலிப்பர் வரைந்தாள். மறுபடி ‘அ’. மறுபடி ஓரத்துக்கு.

“யாரு எழுதிக் குடுத்தாங்க இந்தப் பலகை?”

“ஒரு அக்காப்பா. அப்பம் சாப்புட வந்தாங்க. பலகை தூங்குதுன்னு சொல்லிட்டு பெயிண்ட் வாங்கியாந்துட்டாங்க. அப்பப்ப வந்து மாத்துவாங்க. போன தடவை அந்த ‘ப’ பெரிசா கொட்டாவி வுட்டுக்கிட்டிருந்துச்சு.”

“உக்காந்து சாப்பிட்டாங்களா?”

“எங்க உக்காருறது! ஒரு கையில அப்பம், ஒரு கையில பிரஷ்ஷு. ஏம்ப்பா, உனக்குத் தெரிஞ்சவங்களா?”

“இன்னிக்கு வருவாங்களா?”

“வாரத்துல ஒரு நாள் வருவாங்க. எந்த நாள்னு அவங்களுக்கே தெரியாது.”

ரெண்டு அப்பம் சொல்லிவிட்டுச் சாலையைப் பார்த்த மாதிரி உட்கார்ந்தேன். முதலாளிக்கு ஃபோன் செய்து, பேனர் கட்டிவிட்டேன், திரும்பக் கொஞ்சம் நேரமாகும் என்றேன்.

“எவ்வளவு நேரண்டா?”

“தெரியல பாஸ்” என்றேன். “திங்களா வெள்ளியான்னு இன்னும் முடிவாகல.”